சாவா மூவாப் பேராடுகள்

காகிதக் கட்டுகளை ஸ்கேன் செய்துவிட்டால் ஆவணம் பிழைத்துவிடுமா? திருவண்ணாமலையில் தொடங்கும் ஒரு விசாரம்.

1896 ஆகஸ்டு கடைசியில், மதுரையில் ஒரு பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டுப் புறப்படும் முன் ஒரு சீட்டு எழுதி வைத்தான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, கோடுதான் இருந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தவன் அதன் பிறகு ஊர் திரும்பவே இல்லை.

42 ஆண்டுகள் கழித்து, 1938-ல், அதே மனிதர் இன்னொரு காகிதத்தின் முன் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் ரமண மகரிஷி. ஆசிரம நிர்வாகம் தமக்குப் பின் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் உயில் அது. சாட்சிகள் தயார், பத்திரமும் தயார். தமக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளாதவர் எதை எழுதிக் கையெழுத்திடுவார்? பேனாவை வாங்கி ஒரு கோடு இழுத்தார்.

இந்த இரண்டு கோடுகளையும் இன்றைய ஸ்கேனிங் நிறுவனம் ஒன்றின் மேசையில் வைத்துப் பார்க்கிறேன். பழைய காகிதத்தைப் பளிச்சென்று காட்ட ஸ்கேனர் மென்பொருளில் சில வசதிகள் உண்டு. கறையை நீக்கு, புள்ளியை நீக்கு, கோட்டை நீக்கு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பக்கம் தள்ள வேண்டிய பையன், பக்கத்துக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்குபவன், மூன்றையும் 'டிக்' செய்து வைத்துவிடுவான். பக்கம் வெள்ளை வெளேர் என்று வந்து நிற்கும். மகரிஷியின் கையொப்பம் போயிருக்கும். அவன்மேல் குற்றமில்லை. அது கையொப்பம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லையே.

காகித ஆவணங்களை மின்வடிவத்துக்கு மாற்றுவது பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஸ்கேனரைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை பக்கம், என்ன துல்லியம், எத்தனை மாதத்தில் முடியும், பக்கத்துக்கு என்ன விலை. இந்த வேலையில் ஆக எளிதான பகுதி ஸ்கேனர்தான் என்பது என் எண்ணம்.

மணலில் எழுதியது

திருவண்ணாமலைக்கு வந்த முதல் சில ஆண்டுகள் ரமணர் பேசவில்லை. கேள்வி கேட்டவர்களுக்கு எழுதித்தான் பதில் சொன்னார். நகராட்சி ஓவர்சியர் கம்பீரம் சேஷய்யர் 1900 முதல் 1902 வரை கேட்ட சந்தேகங்களுக்குத் துண்டுக் காகிதங்களில் பதில் கிடைத்தது. சேஷய்யர் அவற்றை ஒரு நோட்டில் படியெடுத்து வைத்தார். பின்னாளில் அது 'விசார சங்கிரகம்' என்ற நூலானது. தென்னாற்காடு ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902-ல் விரூபாட்ச குகைக்குப் போய்க் கேட்டவற்றுக்கு ரமணர் தரையிலும் பலகையிலும் விடை எழுதிக் காட்டினார். பிள்ளை அவற்றைக் குறித்துக்கொண்டார். அவை 'நான் யார்?' என்ற நூலாக அச்சில் வந்தது 1923-ல்.

ஒருவர் நகராட்சி, ஒருவர் ரெவின்யூ. இருவரும் கோப்போடு பழகிய ஆபீஸ் ஆட்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். காற்றடித்தால் கலையும் மணல், கை பட்டால் அழியும் பலகை, தொலைந்துபோகும் துண்டுச் சீட்டு. அதிலிருந்து நோட்டு, நோட்டிலிருந்து அச்சு. இன்று ஆசிரமத்தில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கையெழுத்துப் பிரதிகளையும் புகைப்படங்களையும் பழைய அசைபடங்களையும் மின்வடிவில் பாதுகாக்கிறார்கள். மணல் தொடங்கி வன்தட்டு வரைக்கும் ஒரே சொற்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அவை இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம் எந்த ஒரு கூட்டின் உறுதியும் இல்லை. ஒவ்வொரு கூடும் இற்றுப்போகும் முன் யாரோ ஒருவர் அடுத்த கூட்டைத் தயாராக வைத்திருந்தார்.

பழங்கல் படி

இந்த வித்தையில் நாம் கற்றுக்குட்டிகள் இல்லை. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டான். பழைய சுவரில் கல்வெட்டுகள் இருந்தன. கல்லைப் பிரித்தால் நிலம், பொன், விளக்கு என்று அதுவரை வந்த கொடைகளுக்கெல்லாம் சாட்சி போய்விடும். எனவே முதலில் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். புதுச் சுவர் எழும்பி, அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி கல்லில் வெட்டியது ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில். நடுவில் ஏறக்குறைய 13 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த ஓலைக்கட்டை யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். மகன் காலத்தில் கேட்டபோது எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோதும் இதே கதைதான். பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி பொறித்தார்கள். அப்படிப் பொறித்தவற்றின் தலையில் இதுவும் ஒரு பழங்கல்லின் படி என்று சொல்லியும் வைத்தார்கள். அந்த ஒரு வரியை நான் பெரிதாக மதிக்கிறேன். இது மூலமில்லை, படி; இன்ன இடத்திலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது. இன்று ஒரு பிடிஎஃப் கோப்பு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. எந்தப் பீரோவில் இருந்த எந்தக் கட்டிலிருந்து, யார், எப்போது எடுத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்தச்சன் செய்ததை நாம் செய்வதில்லை.

ஆட்டுக் கணக்கு

சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்குக்கு ஆடு விடுவார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. சில ஊர்களில் 90. தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஆட்டுக்குப் பதில் 48 பசுவோ 16 எருமையோ விடலாம். இடையர் அந்த மந்தையை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள்.

அப்படி ஓர் ஆடு உலகத்தில் உண்டா? இல்லை என்று எழுதியவனுக்கும் தெரியும். ஆடு சாகும், கிழடு தட்டும். ஆனால் மந்தைக் கணக்கு 96-ஐ விட்டு இறங்கக் கூடாது. செத்ததற்குப் பதில் குட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். விளக்கு அணையாது.

மின் ஆவணப் பாதுகாப்பு என்று இன்று உலகம் முழுக்க ஆவணக் காப்பாளர்கள் செய்வது இந்த ஆட்டுக் கணக்கைத்தான். வன்தட்டு ஐந்தாறு ஆண்டு உழைத்தால் அதிர்ஷ்டம். குறுந்தகடு மங்கிவிடும். பெரிய காப்பகங்கள் நம்பும் காந்த நாடாக்கள் முப்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள். நாடா தாங்கினாலும் அதைப் படிக்கிற கருவி அதற்குள் கடையில் கிடைக்காமல் போகும். ஆகவே எந்தத் தட்டையும் நம்புவதில்லை. மூன்று படிகள் இருக்கட்டும், இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று வெளியூரில் இருக்கட்டும் என்பது அவர்கள் விதி. ஒன்று சாகும் முன் மற்றொன்றிலிருந்து புதிதாக ஒன்று ஈனும்.

ஆட்டை எண்ணுவதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கணக்குப் போட்டு ஒரு நீண்ட எண்ணை எடுக்கலாம். 'ஹாஷ்' என்பார்கள், கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாக் கோப்புகளுக்கும் இந்த எண்ணை மறுபடி கணக்கிட்டுப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டால், எந்த ஆடு சீக்கு என்பது தெரிந்துவிடும். இது வெறும் காப்பாளர் சம்பிரதாயமாக இருந்தது போய்ச் சட்டத்திலும் ஏறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின் ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது தரும் சான்றிதழில் இந்த ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். கோயில் நிலத்துக்கு வழக்காடும் அலுவலகங்கள் இதை இப்போதே கவனிப்பது நல்லது.

இட அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற துல்லியத்தில், வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் சுமார் 26 எம்பி வரும். ஒரு லட்சம் பக்கத்துக்கு 2.6 டெராபைட். மூன்று படி போட்டாலும் எட்டு டெராபைட்டைத் தொடாது. ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சுலபமாக அடங்குவதால்தான் அவ்வளவு சுலபமாகத் தொலைகிறது.

மூன்று மாவட்டத்துக் காகிதம்

திருவண்ணாமலைக்காரர் ஒருவர் தன் தாத்தா காலத்து நிலத்துக்குக் காகிதம் தேடிக் கிளம்பினால் நல்ல சுற்றுலா போய்விட்டு வரலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தாலுகா தென்னாற்காட்டில் இருந்தது. தலைமையிடம் கடலூர். பிறகு வட ஆற்காட்டுக்குப் போய் வேலூரின் கீழ் வந்தது. 1989-ல்தான் தனி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, கட்டுகள்தான் ஊர் சுற்றின. எழும்பூரில் 1909-ல் திறந்த மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ், இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அதுவும் ஒரு நிறுத்தம்.

கோயில் நிலம் என்றால் சிக்கல் இன்னும் அடுக்கடுக்காக வரும். 1860-களின் இனாம் கமிஷன் கொடுத்த டைட்டில் டீட், இனாம் பதிவேடு, 1963-ன் இனாம் ஒழிப்புச் சட்டத்தை ஒட்டி வந்த உத்தரவுகள், செட்டில்மெண்ட் பதிவேடு, அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், அறநிலையச் சட்டம் 29-ஆம் பிரிவின்கீழ் கோயில் வைக்க வேண்டிய சொத்துப் பதிவேடு. தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் என்பது அறநிலையத் துறைக் கணக்கு. 2021 ஜூனில் அந்த நில விவரங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். முதல் தவணையில் ஏறியது, வருவாய்த் துறையின் 'தமிழ்நிலம்' பதிவோடு முழுக்க ஒத்துப்போன நிலம் மட்டும். ஒத்துப்போகாத மீதியில்தான் வழக்கு, ஆக்கிரமிப்பு, பேர் மாற்றம் எல்லாம் குடியிருக்கின்றன. அதற்கு விடை பழைய காகிதத்தில்தான் கிடைக்கும்.

அந்தக் காகிதத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்புத் துணி சுற்றிய கட்டு. முடிச்சை அவிழ்த்ததும் தும்மல். வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி நழுவி ஓடும். அதற்கு இராமபாணம் என்று பெயர் வைத்தவன் ரசிகன்தான். புறப்பட்டால் தாள் தாளாக அரித்துக்கொண்டே போகும். குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் தாள் கிழியும். யாரோ ஒரு நல்ல மனிதர் கிழிசலுக்கு ஒட்டிய செல்லோடேப் காய்ந்து உதிர்ந்து, மஞ்சள் பட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் பசலி. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் என்ற கணக்கு தெரியாதவருக்கு ஓராண்டு முன்பின் ஆகிவிடும். எழுத்து 1978 சீர்திருத்தத்துக்கு முந்தியது. துதிக்கை வைத்த லையும் ணையும், கொம்பு சுழித்த றாவும். அதுவும் கணக்குப்பிள்ளையின் கூட்டெழுத்தில். எந்திரம் தானாகப் படித்துக் கொடுத்துவிடும் என்று விற்பனையாளர் சொன்னால், இந்தக் கட்டில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆகவே மனிதர்கள் உட்கார்ந்து அட்டவணை எழுத வேண்டும். எந்த ஊர், எந்தப் பசலி, என்ன வகைப் பதிவேடு, எந்தப் பக்கத்தில் என்ன. இந்த வேலைக்குத்தான் டெண்டர்களில் காசு ஒதுக்குவதில்லை. விளைவு, ஒரு தட்டு நிறைய 'ஸ்கேன்0001', 'ஸ்கேன்0002' என்று பேர் போட்ட லட்சம் படங்கள். துணிக்கட்டின் மேல் சீட்டாவது தொங்கிக்கொண்டிருந்தது.

எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கும் பழைய ஆபீஸ் நடைமுறையில் பதில் இருந்தது. கோப்பு முடிந்ததும் ஓ.மு. என்று குறித்தால் ஓராண்டில் அழிக்கலாம், மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நிரந்தரமாக வைக்க வேண்டியவை தனி. கணினி வந்ததும் அந்த விவேகம் போய்விட்டது. இடம்தான் நிறைய இருக்கிறதே என்று டீ பில்லையும் டைட்டில் டீடையும் ஒரே தட்டில் கொட்டுகிறோம்.

படியாத எழுத்து

இனி ஒரு சொந்தக் கதை. 2001, 2002-ல் நான் எழுதிய சில கட்டுரைகளைப் பிளாப்பியிலும் பிறகு குறுந்தகட்டிலும் வைத்திருந்தேன். பத்தாண்டு கழித்துத் தேடி எடுத்தபோது தகடு சுழன்றது, கோப்பு திறந்தது. மகிழ்ச்சி அரை விநாடிதான் நீடித்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். அன்று நான் தட்டிய எழுத்துரு இன்றைய கணினியில் இல்லை. அந்த எழுத்துருக்களில் தமிழ் 'அ' என்பது உள்ளுக்குள் ஏதோ ஓர் ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கும். வேஷத்தைக் கலைத்தால் உள்ளே தமிழே இல்லை.

பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு குறியீட்டில் தமிழகம் முழுக்க அலுவலகங்களும் அச்சகங்களும் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கின்றன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியீடு வகுத்தார்கள். யூனிகோடை அரசு முறைப்படி ஏற்றது 2010-ல். அதற்கு முன் தட்டிய கோப்புகள் எத்தனை அலுவலகக் கணினிகளில் படிக்க ஆளில்லாமல் கிடக்கின்றனவோ! 1902-ல் காகிதத்தில் எழுதியதை இன்றும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடலாம். 2002-ல் கணினியில் தட்டியதைப் படிக்க முடியவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கேவலம் இல்லை என்று ஆறுதல் தேட விரும்புவோருக்கு: இங்கிலாந்தின் புகழ்பெற்ற நில, குடிக் கணக்கு 1086-ல் தோலில் எழுதியது. அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-ல் பிபிசி நாடு முழுக்கத் தகவலும் படமும் திரட்டி லேசர் தட்டில் ஏற்றியது. பதினைந்து ஆண்டு போவதற்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. ஆய்வாளர்கள் பெரும்பாடுபட்டு உள்ளே இருந்ததை மீட்டார்கள். தோல் சுவடி எந்தத் தொந்தரவும் இல்லாமல் இன்னமும் இருக்கிறது.

இதிலிருந்து காப்பாளர்கள் கற்றது எளிய பாடம். யாரோ ஒரு கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் திறக்கும் என்ற வடிவத்தில் எதையும் வைக்காதே. மூலப் படத்துக்கு டிஃப், பார்ப்பதற்குப் பிடிஎஃப்-ஏ, எழுத்துக்கு யூனிகோடு. பிடிஎஃப்-ஏ என்பது 2005-ல் உலகத் தர நிர்ணயமான வடிவம். எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து எதையும் கடன் கேட்காது.

பக்கத்து ஊரில் ஒரு படி

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு பிளந்து வ.உ.சி. நகரில் இறங்கியது. மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அருணாசலம் என்ற அதன் பெயரில் அசலம் என்றால் அசையாதது. அந்த மலையே அசைந்தது. அந்தச் சாவுகளுக்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மலையடிவாரத்தில் இருக்கும் எந்த நிறுவனமும் அதற்குப் பிறகு, என் ஆவணத்தின் இரண்டாவது படி அடுத்த அறையில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. யாழ்ப்பாண நூலகத்தில் 1981-ல் ஒரே இரவில் 97 ஆயிரம் நூல்களும் சுவடிகளும் எரிந்த பிறகு இதைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டியதில்லை. ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காக்க, 2005-ல் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தை ஈழத்தவர்கள் தொடங்கினார்கள்.

திருவண்ணாமலைக்கு வெளியூர்ப் படி ஒன்று தற்செயலாக ஏற்கெனவே உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வாளர்களும் அவர்களோடு வேலை செய்த தமிழறிஞர்களும் இந்தக் கோயிலையும் ஊரையும் ஆண்டுக்கணக்கில் அளந்து, படமெடுத்து, கல்வெட்டு படித்து 1989 தொடங்கி ஐந்து தொகுதிகளாகப் போட்டார்கள். கல்வெட்டுத் தொகுதி பி.ஆர். ஸ்ரீநிவாசன் செய்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில், தமிழ்க் கிராமப் பஞ்சாயத்துகள் 1870 முதல் 1940 வரை எழுதிவைத்த தீர்ப்புக் காகிதங்களை வீடு வீடாகத் தேடிப் படமெடுத்தது. அந்தத் திட்டத்தின் நிபந்தனை எனக்குப் பிடிக்கும். மூலக் காகிதம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. படம் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கும்.

ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

தீபத்தை யார் ஏற்றுவது

கார்த்திகைக்குக் கொப்பரை மலையேறுகிறது, நெய்யும் திரியும் ஏறுகின்றன, பதினோரு நாள் எரிகிறது, இறங்குகிறது. கொப்பரை நசுங்கினால் தட்டிச் சரி செய்கிறார்கள், இற்றுவிட்டால் புதிது செய்கிறார்கள். ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. இந்த ஆண்டு யார் ஏற்றுவது என்று யாரும் கூட்டம் போட்டு யோசிப்பதில்லை.

மின் ஆவணத்துக்கு அந்த ஆள் யார்? எந்த நிறுவனத்திலும் ரெக்கார்டு ரூமில் ஒருவர் இருப்பார். எந்தக் கட்டு எந்த ராக்கில் என்று அவருக்கு மட்டும் தெரியும். பெரும்பாலும் ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும். ஸ்கேனிங் குழு வரும்போது அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்கள். அவருக்குக் கணினி தெரியாதாம். அவரை நடுவில் உட்கார வைத்து, பக்கத்தில் கணினி தெரிந்த ஓர் இளைஞரைப் போட்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். அந்தக் கோடு அழுக்கு இல்லை, கையொப்பம் என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடுகளின் கணக்கோடு அவற்றை ஏற்றுக்கொண்ட இடையரின் பெயரும் இருக்கிறது. அதோடு விடவில்லை. அவருக்குப் பிணை நிற்கும் உறவினர்கள் யார் யார் என்றும் பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள். அவர் தவறினால் அடுத்தவர் நெய் அளக்க வேண்டும்.

சின்ன மடமோ, பள்ளிக்கூடமோ, கூட்டுறவுச் சங்கமோ இந்த வேலையைத் தொடங்க நினைத்தால் ஸ்கேனர் வாங்க ஓட வேண்டாம். முதலில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிப் பத்தி பிரித்துக் கோடு போடட்டும். பீரோ எண். கட்டு எண். பசலி அல்லது ஆண்டு. உள்ளே என்ன. சாவி யாரிடம். கடைசிப் பத்தியைக் கொஞ்சம் அகலமாகவே விடலாம்: அவருக்குப் பிறகு யாரிடம்.